சாலை சிக்னலும் ரயில் கைகாட்டியும்

தெருச் சந்திப்பில் எரியும் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளுக்கும் தண்டவாள ஓரத்தில் எரியும் அதே மூன்று நிற விளக்குகளுக்கும் இரத்த உறவு உண்டு. மூத்தது ரயில் சிக்னல். கம்பம், நிறம், கண்ணாடி, லீவர் என்று சாலை அதனிடமிருந்து வாங்கிக்கொண்ட சீதனம் நீளமானது. ஆனால் இரண்டும் பங்கு போடும் பொருள் வேறு. சாலை சிக்னல் நேரத்தைப் பங்கு போடுகிறது: இந்தப் பக்கத்துக்கு நாற்பது விநாடி, அந்தப் பக்கத்துக்கு முப்பது. ரயில் சிக்னல் தூரத்தைப் பங்கு போடுகிறது: இந்த ஒரு கிலோமீட்டர் இப்போது இந்த வண்டிக்கு, இது கடந்து முடிக்கும்வரை வேறெந்த வண்டிக்கும் இல்லை. ஒரே விளக்கு இரு இடங்களில் இரு வேறு பேச்சுப் பேசுவதற்கு இதுவே காரணம்.

தமிழில் இந்த உறவை ஒரே சொல் பிடித்து வைத்திருக்கிறது. ஊர் பிரியும் முச்சந்தியில் வழிகாட்டும் பலகைக்கும் கைகாட்டி என்று பெயர். ரயில் நிலையத்துக்கு வெளியே உயரக் கம்பத்தில் சிவப்புக் கரம் நீட்டி நின்ற சிக்னலுக்கும் கைகாட்டி மரம் என்றே பெயர். இரண்டுமே உண்மையில் ஒரு மனிதனின் கையில் தொடங்கியவைதான்.

கையிலிருந்து கம்பத்துக்கு

பிரிட்டனின் முதல் ரயில் பாதைகளில் சிக்னல் என்று தனியாக எதுவும் இல்லை. ரயில் நிறுவனங்கள் தங்கள் சொந்தக் காவலர்களைப் பாதையோரம் நிறுத்தின. வண்டி ஒன்று போனதும் காவலர் கையாலோ கொடியாலோ அடுத்த வண்டியை நிறுத்துவார்; சில நிமிடம் கழித்து 'மெல்லப் போ' என்பார்; இன்னும் சில நிமிடம் கழித்து வழி விடுவார். அதாவது இன்றைய சாலை சிக்னலைப் போலவே ஆதி ரயில் சிக்னலும் கடிகாரத்தைத்தான் நம்பியது. பிரிட்டிஷ் ரயில்வேயில் சிக்னல் கேபின் ஊழியரை இன்றும் போலீஸ்காரருக்குரிய செல்லப் பெயரான 'பாபி' என்று அழைக்கும் வழக்கம் அந்தக் காலத்தின் மிச்சம்.

1840-களின் தொடக்கத்தில் லண்டன் நியூ கிராஸ் பகுதியில் சார்லஸ் ஹட்டன் கிரெகரி என்ற பொறியாளர் காவலரின் கையை மரக்கையாக்கிக் கம்பத்தில் ஏற்றினார். அந்த யோசனையும் முழுக்கப் புதிதல்ல. பிரான்சில் 1790-களில் குளோத் ஷாப் மலைமுகடுகளில் கோபுரம் கட்டி, மரக்கைகளை மடக்கியும் நீட்டியும் ராணுவச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். கிரெகரி அதை எளிமையாக்கினார். கை குறுக்கே நீண்டிருந்தால் நில்; தாழ்ந்திருந்தால் போகலாம்.

கடிகாரத்தை நம்பியதற்கு ரயில் கொடுத்த விலை பெரிது. முன்னே போன வண்டி வளைவுக்கு அப்பால் பழுதாகி நின்றால் கடிகாரத்துக்கு என்ன தெரியும்? 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் அர்மாவில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய சுற்றுலா ரயில் ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றது. பாதி வண்டியை முதலில் இழுத்துப் போய்விட்டு வரலாம் என்று பெட்டிகளைப் பிரித்தார்கள். பின்பாதி சரிவில் உருண்டது. நேரக் கணக்குப்படி அனுப்பப்பட்டிருந்த அடுத்த ரயில் எதிரே வந்தது. ஏறத்தாழ எண்பது பேர் இறந்தார்கள். அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பயணிகள் பாதைகளுக்கு மூன்றைக் கட்டாயமாக்கியது: ஒரு பகுதிக்கு ஒரே ரயில் என்னும் பிளாக் முறை, தடம் மாற்றும் பாயிண்டும் சிக்னலும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் இன்டர்லாக்கிங், எல்லாப் பெட்டிகளிலும் பிடிக்கும் பிரேக். ரயில் நேரத்தைக் கைவிட்டுத் தூரத்துக்கு மாறியது இப்படித்தான்.

சாலைக்குக் கைகாட்டி வந்த கதை அதற்கு இருபது ஆண்டு முந்தையது. லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் அருகே குதிரை வண்டி நெரிசலில் உறுப்பினர்களே தெருவைக் கடக்கத் திணறினார்கள். ஜான் பீக் நைட் என்ற ரயில்வே அதிகாரி தமக்குத் தெரிந்த மருந்தைச் சொன்னார்: ஒரு ரயில் கைகாட்டியைக் கொண்டுவந்து நடுத்தெருவில் நடுங்கள். 1868 டிசம்பரில் அது நடப்பட்டது. செய்து கொடுத்தது சாக்ஸ்பி அண்டு ஃபார்மர் என்ற ரயில் சிக்னல் கம்பெனி. அதன் ஜான் சாக்ஸ்பி, இன்டர்லாக்கிங்குக்கு 1856-லேயே காப்புரிமை பெற்றவர். பகலில் கைகள், இரவில் கேஸ் விளக்கில் சிவப்பும் பச்சையும். கம்பத்தின் அடியில் நின்ற போலீஸ்காரர் நெம்பினால் மேலே கை எழும்.

அந்தக் கம்பத்தில் பச்சைக்கு இருந்த பொருள் இன்றைய வாசகருக்கு வியப்பாக இருக்கும். 'போ' என்பதல்ல, 'பார்த்துப் போ' என்பது. ரயிலில் அன்று பச்சைக்கு அதுதான் பொருள். சாலை, ரயிலின் விளக்கை மட்டுமல்லாமல் அதன் அகராதியையும் அப்படியே எடுத்துக்கொண்டது. 1869 ஜனவரியின் தொடக்கத்தில் கேஸ் கசிந்து கம்பம் வெடித்தது. இயக்கிக்கொண்டிருந்த காவலர் காயமடைந்தார். கம்பத்தை அகற்றிவிட்டார்கள். லண்டன் சாலைகள் அடுத்த அரை நூற்றாண்டுக்குப் போலீஸ்காரரின் கையை நம்பியே ஓடின.

வெள்ளை போய்ப் பச்சை வந்தது

பழைய ரயிலில் 'போ' என்பதற்கு வெள்ளை விளக்கு. சிவப்பு ஆபத்து, பச்சை எச்சரிக்கை, வெள்ளை வழி. ஊரெல்லாம் இருட்டாக இருந்தவரை இதில் சிக்கல் இல்லை. தெருவிளக்கும் வீட்டு விளக்கும் பெருகியபோது எது சிக்னல், எது யாரோ ஜன்னலில் வைத்த விளக்கு என்று தெரியாமல் போனது. அதைவிட மோசமானது இன்னொன்று: சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் உள்ளே எரியும் திரி வெள்ளையாகத் தெரியும். 'நில்' என்ற சிக்னல் ஒரு கண்ணாடித் துண்டு விழுந்ததால் 'போ' என்று மாறிவிடும். பிரிட்டனில் 1890-களில் வெள்ளையை ஒதுக்கிவிட்டுப் பச்சையை 'போ' ஆக்கினார்கள். காலியான எச்சரிக்கை இடத்துக்குப் பின்னர் மஞ்சள் வந்தது.

சொல்வதற்கு எளிது; செய்வது கடினம். மங்கலான எண்ணெய் விளக்கில் மஞ்சளும் சிவப்பும் குழம்பாமலிருக்கக் கண்ணாடியின் நிறம் துல்லியமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ரயில்வேயும் ஒவ்வொரு சிவப்பை வைத்திருந்தது. அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடித் தொழிற்சாலையில் வில்லியம் சர்ச்சில் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் உழைத்து நிறங்களை வரையறுத்தார். 1908-இல் அமெரிக்க ரயில் சிக்னல் சங்கம் அதைத் தரமாக ஏற்றது. சாலைக்கு இதில் செலவே இல்லை. டெட்ராய்ட் நகரப் போலீஸ் அதிகாரி வில்லியம் பாட்ஸ் 1920-இல் நான்கு திசைக்கும் தெரியும் மூன்று நிறச் சாலை சிக்னலைத் தொங்கவிட்டபோது, நிறங்கள் ரயிலில் தயாராக இருந்தன. அதற்கு முன் 1914-இல் கிளீவ்லாந்து நகரில் வைத்த மின்சார சிக்னலில் சிவப்பும் பச்சையும் மட்டும்தான். நிறம் மாறப்போவதை மணி ஒலித்துச் சொன்னது. சாலைக்கு மஞ்சள் என்பது ஓசைக்குப் பதிலாக வந்த விளக்கு.

பழைய கைகாட்டியின் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கரத்தின் வேர்ப்பகுதியில் மூக்குக் கண்ணாடி போல இரு வட்டங்கள்; ஒன்றில் சிவப்பு, மற்றதில் பச்சை. பச்சை வட்டத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தால் நீலம் கலந்திருக்கும். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள் நிறமானது. அதன் முன் நீலச் சாயல் கண்ணாடி வந்தால்தான் தூரத்திலிருந்து நல்ல பச்சையாகத் தெரியும். கரம் அசையும்போது கண்ணாடிதான் விளக்கின் முன் நகர்ந்தது; விளக்கு தன் இடத்திலேயே எரிந்தது. மாலையில் விளக்குக்காரர் ஏணியில் ஏறி எண்ணெய் ஊற்றித் திரி கத்தரித்துவிட்டு இறங்குவார்.

சிவப்புக்கு ஏன் ஆபத்து என்ற பொருள் என்று கேட்டால், நீண்ட அலைநீளம், காற்றில் குறைவாகச் சிதறும், தொலைவிலிருந்து தெரியும் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். இயற்பியல் சரிதான். ஆனால் சிக்னல்காரர்கள் அலைநீளம் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாக நினைப்பது மிகை. ஆபத்துக்குச் சிவப்புக் கொடி என்ற பழக்கம் அவர்களுக்கு முன்பே இருந்தது. அறிவியல் பின்னால் வந்து ஒப்புதல் கையெழுத்துப் போட்டது.

நிறத்தை மட்டும் நம்புவதில் ஒரு ஓட்டை உண்டு. ஆண்களில் சுமார் எட்டு சதவீதம் பேருக்குச் சிவப்பு–பச்சை பிரித்தறிவதில் குறை இருக்கிறது. சுவீடனில் 1875-இல் லாகர்லுண்டா ரயில் விபத்தை அடுத்து ஃப்ரித்யோஃப் ஹோல்ம்கிரென் என்ற மருத்துவ அறிஞர் வண்ணக் கம்பளி நூல்களைக் கொண்டு ரயில் ஊழியர்களின் கண்ணைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அன்று முதல் ரயில் ஓட்டுநர் வேலைக்கு நிறப்பார்வை கட்டாயம். இந்திய ரயில்வேயில் லோகோ பைலட்டுகள் கடும் கண் பரிசோதனையைத் தாண்டியே வர வேண்டும். சாலையில் அப்படி எல்லாரையும் வடிகட்ட முடியாது. அதனால்தான் சாலையில் நிறத்தைவிட இடம் முக்கியம்: மேலே எரிந்தால் சிவப்பு, கீழே எரிந்தால் பச்சை.

இங்கேதான் இரு உறவினரும் தலைகீழாக நிற்கிறார்கள். இந்திய ரயில்வேயின் மூன்று விளக்கு சிக்னலில் பச்சை மேலே, மஞ்சள் நடுவே, சிவப்பு அடியில். எஞ்சினில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டியது 'நில்' என்பதால் சிவப்பு கீழே வருகிறது. பனி கொட்டும் நாடுகளில் இன்னொரு காரணமும் உண்டு: கீழே இருக்கும் விளக்கின் மேல்மூடியில் பனி குவிந்து மேல் விளக்கை மறைக்கும், எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் சிவப்பை அப்படி மறைக்க ஒன்றுமில்லை. சாலையிலோ முன்னே நிற்கும் பஸ்ஸையும் லாரியையும் தாண்டித் தெரிய வேண்டும். ஆகவே சிவப்பு உச்சியில். உலகில் இந்த வரிசை மாறிய ஒரு சாலை சிக்னல் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரத்து டிப்பரரி ஹில் பகுதியில் இருக்கிறது. அங்கு குடியிருந்த ஐரிஷ் மக்களின் பிள்ளைகள், தங்கள் பச்சைக்கு மேல் பிரிட்டிஷ் சிவப்பா என்று 1920-களில் கல்லெறிந்து விளக்கை உடைத்துக்கொண்டே இருந்தார்கள். மாநகரம் கடைசியில் தோற்றுப்போய்ப் பச்சையை மேலே வைத்தது. இன்றும் அப்படியே எரிகிறது.

மஞ்சளின் இரண்டு பொருள்

சாலையில் மஞ்சள் மூன்று முதல் ஐந்து விநாடி எரியும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மூன்று விநாடியில் சுமார் 42 மீட்டர் கடக்கும். நிறுத்தக் கோட்டுக்கு மிக அருகில் இருப்பவர் போய்விடலாம். மிகத் தொலைவில் இருப்பவர் நின்றுவிடலாம். நடுவில் மாட்டிக்கொண்டவர்தான் பாவம்: பிரேக் பிடித்தால் கோட்டைத் தாண்டி நிற்பார், ஆக்சிலேட்டரை அழுத்தினால் சிவப்பில் கடப்பார். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த காசிஸ், ஹெர்மன், மரதுதின் என்ற மூவர் 1960-இல் இந்த இக்கட்டைக் கணிதமாக எழுதி, மஞ்சள் நேரம் குறைவாக வைக்கப்பட்டால் ஒழுங்கான ஓட்டுநரும் சட்டத்தை மீறாமல் தப்ப முடியாத இடம் ஒன்று சாலையில் உருவாகும் என்று காட்டினார்கள். நம் ஊர்ச் சந்திப்புகளில் மஞ்சளைப் பார்த்ததும் வேகம் கூட்டுவோரை இந்தக் கணக்கால் காப்பாற்ற முடியாது. அது வேறு நோய்.

ரயிலின் மஞ்சள் அவசரப்படுத்துவதில்லை. 'அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராகு' என்பதே அதன் பேச்சு. அடுத்த சிக்னல் ஒரு கிலோமீட்டர் அப்பால் இருக்கலாம். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் போகும் ரயில் அந்த ஒரு கிலோமீட்டரை சுமார் 33 விநாடியில் கடந்துவிடும். அந்த வேகத்தில் ரயிலை நிறுத்த அநேகமாக அவ்வளவு தூரமும் தேவை. சிவப்பைக் கண்ணால் பார்த்த பிறகு பிரேக் போட்டு விரைவு ரயிலை உரிய இடத்தில் நிறுத்துவது அரிது. ஆகவே செய்தி முன்கூட்டியே வர வேண்டும். இந்தியாவில் நிலையத்துக்குள் நுழைய விடும் ஹோம் சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் டிஸ்டன்ட் சிக்னல் நிற்பதும், வேகம் மிகுந்த பாதைகளில் இரண்டு கிலோமீட்டரிலேயே இன்னொரு டிஸ்டன்ட் நிற்பதும் இதற்காகத்தான்.

நான்கு விளக்கு சிக்னலில் மஞ்சள் இரண்டு. இரண்டும் சேர்ந்து எரிந்தால் 'டபுள் எல்லோ': அடுத்தது மஞ்சளாக இருக்கலாம், இப்போதே கவனி. பிறகு ஒற்றை மஞ்சள், பிறகு சிவப்பு. இரு மஞ்சளுக்கும் நடுவே எரியாத பச்சை இருக்கும். ஒட்டி வைத்தால் தூரத்திலிருந்து ஒரே விளக்காகத் தெரியும் என்பதால் இந்த இடைவெளி. எஞ்சினுக்குள் இது மௌனமாக நடப்பதில்லை. ஒவ்வொரு சிக்னல் தெரியும்போதும் துணை லோகோ பைலட் கைநீட்டி நிறத்தை உரக்கச் சொல்வார். லோகோ பைலட் அதைத் திருப்பிச் சொல்வார். ஒரே விளக்கை நான்கு கண்ணும் இரண்டு வாயும் உறுதி செய்ய வேண்டும். காரில் இதற்கு இணையானது பக்கத்து இருக்கையில் இருப்பவர் "சிவப்புங்க" என்பது; விதிப்புத்தகத்தில் இல்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

தவறிப்போகும் சில மீட்டர்களுக்கும் இருவரிடமும் கணக்கு உண்டு. சாலையில் ஒரு பக்கம் சிவப்பானதும் மறுபக்கம் உடனே பச்சையாவதில்லை. ஓரிரு விநாடி எல்லாப் பக்கமும் சிவப்பாக நிற்கும். சந்திப்புக்குள் மாட்டியவர் வெளியேற அந்த அவகாசம். ரயிலில் அதே அவகாசம் மீட்டரில் வருகிறது: வண்ண விளக்கு சிக்னல் உள்ள பாதையில், நிற்க வேண்டிய சிக்னலுக்கு அப்பாலும் 120 மீட்டர் காலியாக இருந்தால்தான் வண்டியை அதுவரை வர விடலாம். இதற்கு ஓவர்லாப் என்று பெயர்.

கெட்டாலும் சிவப்பில் கெட வேண்டும்

பழைய கைகாட்டியை இழுக்கும் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி ரயில் சிக்னலின் உயிர்நாடி. மேல்நோக்கி எழும் கரமானால் அதன் எடையே அதைக் கீழே இழுத்துக் குறுக்கே நிறுத்தும். குறுக்கே என்றால் 'நில்'. கீழ்நோக்கித் தாழும் பழைய கரத்துக்கு அந்த வசதி இல்லாததால் எதிர்எடை மாட்டினார்கள். 1876 ஜனவரியில் இங்கிலாந்தின் அபட்ஸ் ரிப்டனில் பனிப்புயலில் கரங்கள் 'போ' நிலையிலேயே உறைந்து ஒட்டிக்கொண்டன, ரயில்கள் மோதின. அதன்பின் சிக்னலின் இயல்பு நிலை 'நில்' ஆகவே இருக்க வேண்டும், வண்டிக்குத் தேவைப்படும்போது மட்டும் 'போ' ஆக வேண்டும் என்ற வழக்கம் வலுப்பெற்றது.

இதே சிந்தனை மின்சாரத்தில் இன்னும் அழகாக இருக்கிறது. அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1872-இல் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட்டில் தண்டவாளம்தான் மின்கம்பி. ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் ரிலே என்னும் மின்காந்த ஸ்விட்ச். மின்சாரம் ஓடி ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும்வரை பாதை காலி. ரயில் ஏறியதும் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளத்தையும் இணைத்து மின்சாரத்தைக் குறுக்கே திருப்பிவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். பேட்டரி தீர்ந்தாலும், கம்பி அறுந்தாலும், தண்டவாளமே உடைந்தாலும் அதே ரிலே அதே போல விழும். எது கெட்டாலும் பதில் சிவப்புதான். சிவப்பு விளக்கே ஃபியூஸ் போனால்? அதற்கு முந்தைய சிக்னல் தானாகச் சிவப்பாகும்படி இணைப்பு உண்டு. அதையும் மீறி விளக்கே எரியாத சிக்னலைச் சந்திக்கும் லோகோ பைலட், அது காட்டக்கூடிய மிகக் கடுமையான நிலையைக் காட்டுவதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

சாலையில் அணைந்த சிக்னல் பொதுவாக அனைவருக்கும் பச்சை என்றே படிக்கப்படுகிறது. கரன்ட் போன ஐந்தாவது நிமிடத்தில் சந்திப்பின் நடுவே வெள்ளைச் சட்டைப் போக்குவரத்துக் காவலர் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் சாலையும் ஒரு பாடம் கற்றிருக்கிறது. நவீனக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு காவல் கருவி உண்டு. மோதும் இரு திசைகளுக்கு ஒரே நேரத்தில் பச்சை போனால் அது உடனே இயக்கத்தை வெட்டி விளக்குகளைச் சிமிட்டும் நிலைக்குத் தள்ளும். சாக்ஸ்பியின் இரும்பு லீவர்கள் ஒன்றையொன்று பூட்டியதன் எலெக்ட்ரானிக் பேரப்பிள்ளை அது.

இவ்வளவு காவலுக்கும் உள்ளே மனிதன் கைவைக்கும் இடம் ஒன்று எப்போதும் இருக்கிறது: பழுது பார்க்கும் இடம். 1988 டிசம்பர் 12 அன்று லண்டன் கிளாபம் சந்திப்பு அருகே, வண்டி நின்றுகொண்டிருந்த பகுதிக்குச் சிவப்பு காட்ட வேண்டிய சிக்னல் சிவப்பு காட்டவில்லை. பின்னால் வந்த ரயில் மோதி 35 பேர் இறந்தார்கள். புதிய வயரிங் வேலையில் வெட்டி ஒதுக்க வேண்டிய பழைய கம்பி ஒன்று அப்படியே விடப்பட்டு, ரிலேயைத் தொட்டு, விழ வேண்டியதை விழாமல் தூக்கிப் பிடித்திருந்தது. அந்த வேலையைச் செய்தவர் 13 வாரங்களில் ஒரே ஒரு நாள் விடுப்பில் இருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது.

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹானகா பஜாரில் நடந்ததும் இந்த வகையே. ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனுக்கான பச்சை; பாயிண்ட் மட்டும் கிளைத் தடமான லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. லூப்பில் நின்ற சரக்கு ரயிலில் மோதி, பெட்டிகள் பக்கத்துப் பாதையில் சிதறி, அங்கே சென்ற இன்னொரு ரயிலையும் தாக்கின. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முன்பு செய்த சிக்னல் சர்க்யூட் மாற்றத்திலும், அந்த நிலையத்தின் லெவல் கிராசிங் கேட்டுக்குப் புதிய மின் தடுப்புக் கம்பம் மாற்றும் வேலையிலும் நேர்ந்த குறைகளே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. விளக்கும் பாயிண்டும் ஒரே பேச்சுப் பேச வேண்டும் என்ற 1856-இன் அடிப்படை அன்று அந்த வயர்களுக்குள் அறுந்து கிடந்தது.

சிவப்பைத் தாண்ட அனுமதி

சிவப்பு என்றால் சிவப்புதான் என்று தோன்றினாலும் இரு உலகிலும் சட்டபூர்வமாகச் சிவப்பைக் கடக்கும் வழிகள் உண்டு. சென்னைக் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் தினமும் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். சைதாப்பேட்டையைத் தாண்டி அடையாற்றுப் பாலத்துக்கு அருகில் வண்டி காரணமின்றி நிற்கும். ஒரு நிமிடம் ஆகும். பிறகு மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்து புறப்படும். தானியங்கி சிக்னல் கம்பத்தில் ஆங்கில 'ஏ' எழுத்து இருந்தால், சிவப்பில் பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் நின்றுவிட்டு, முன்னால் தடை இருக்கும் என்று எண்ணியபடியே 15 கி.மீ. வேகத்துக்கு மேற்படாமல் லோகோ பைலட் போகலாம். சாலையில் இதன் இணை, சிமிட்டும் சிவப்பு: நின்று, பார்த்து, பிறகு போ.

எழுத்து இல்லாத சிவப்பைக் கடக்க வழக்கமான வழி காகிதம். சிக்னல் பழுதானால் ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு லோகோ பைலட்டின் கைக்கு வர வேண்டும். சாலையில் அந்தச் சீட்டின் இடத்தில் இருப்பது போலீஸ்காரரின் கை. விளக்கு சிவப்பாக இருக்கும்போது காவலர் 'வா' என்று கை அசைத்தால் அசைவே செல்லும். விளக்குக்கு மேலே கை என்ற பழைய வரிசை அங்கே இன்னும் மாறவில்லை.

அனுமதியின்றிக் கடந்தால் வரும் விளைவில்தான் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். சாலையில் கேமரா படம் பிடித்துப் பின்னர் அபராதச் சீட்டு அனுப்பும். ரயிலில் சிவப்பைத் தாண்டிய லோகோ பைலட் உடனே வண்டியிலிருந்து இறக்கப்பட்டு விசாரணைக்குள்ளாவார், வேலையே போகலாம். இப்போது தாண்டுவதற்கு முன்பே தடுக்கும் கருவியும் வந்துகொண்டிருக்கிறது: இந்தியா 2020-இல் தேசிய அமைப்பாக ஏற்ற 'கவச்', ஓட்டுநர் சிவப்பைக் கவனிக்காவிட்டால் தானே பிரேக் போடும்.

யார் வருகிறார்கள் என்று விளக்குக்கு எப்படித் தெரியும் என்பதிலும் இரு தரப்பும் நெருக்கம். சாலையில் தார் வெட்டிப் புதைத்த கம்பிச் சுருள், மேலே கார் வந்ததும் உணரும். தண்டவாளத்தில் ஆக்சில் கவுன்டர், உள்ளே போன அச்சுகளையும் வெளியே வந்த அச்சுகளையும் எண்ணி, கணக்கு நேராகும்வரை சிவப்பை விடாது. வண்டி வருவதை அறிந்து மாறும் சாலை சிக்னலைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான சார்லஸ் ஆட்லர், அமெரிக்காவின் பால்டிமோரில் ரயில் சிக்னல் பொறியாளராக இருந்தவர். 1928-இல் அவர் அங்கே வைத்த சிக்னலில் மைக் இருந்தது. பக்கத் தெருவிலிருந்து வருபவர் ஹாரன் அடித்தால் விளக்கு மாறும். நம் சிக்னல்களில் சிவப்பைப் பார்த்து விடாமல் ஹாரன் அடிப்பவர்கள் தொண்ணூறு ஆண்டுக்கு மேல் தாமதமாகத் தவறான நாட்டில் அந்தக் கருவியைத் தேடுகிறார்கள் போலும்.

இரண்டும் சந்திக்கும் இடம்

சாலையும் தண்டவாளமும் குறுக்கிடும் லெவல் கிராசிங்கில் ஒரே இடத்தில் இருவருக்கும் சிக்னல் வேண்டும். ரயில் பக்கம் மஞ்சள் வட்டத்தில் கறுப்பு 'ஜி' எழுத்துத் தாங்கிய கேட் சிக்னல் நிற்கும். இன்டர்லாக் செய்த கேட்டில் கேட் கீப்பர் தடுப்புக் கம்பத்தை இறக்கிப் பூட்டினால்தான் அந்த சிக்னலைப் பச்சையாக்க முடியும். பச்சை கொடுத்த பிறகு கேட்டைத் திறக்க முடியாது. வெயிலில் வியர்த்தபடி பைக்கில் காத்திருப்பவர் "இன்னும் ரயிலையே காணோம், அதுக்குள்ள ஏன் போட்டார்" என்று முணுமுணுப்பார். அந்த ரயில் டிஸ்டன்ட் சிக்னலைப் பச்சையில் தாண்ட வேண்டுமானால் அது பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போதே கேட் பூட்டியிருக்க வேண்டும். பைக்காரர் காத்திருப்பது நிமிடத்தில். அவர் விட்டுக்கொடுப்பது ரயிலின் தூரம்.

அகல ரயில் பாதையில் ஆளில்லாத கேட்டுகள் 2019 ஜனவரிக்குள் ஒழிக்கப்பட்டுவிட்டன. ஆள் இருந்தும் இன்டர்லாக் இல்லாத கேட்டுகள் மிச்சமிருந்தன. அங்கே சிக்னலுக்கும் கேட்டுக்கும் இடையில் இரும்புப் பூட்டு இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்ல, கேட் கீப்பர் மூடிவிட்டு ரகசிய எண் ஒன்றைத் திருப்பிச் சொல்வதே பூட்டு. 2025 ஜூலை 8 காலை கடலூருக்கு அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மாணவர் மூவர் உயிரிழந்தது அத்தகைய கேட்டில்தான்.

சாலையும் தண்டவாளமும் ஒன்றையொன்று குறுக்கிடாமல் ஒன்றின் மேல் ஒன்றாகவே ஓடும் இடமும் உண்டு: டிராம். ஜெர்மனி போன்ற நாடுகளின் சந்திப்புகளில் கார்களுக்கு மூன்று நிற விளக்கு எரியும். அதன் பக்கத்திலேயே டிராமுக்கு நிறமே இல்லாத தனி சிக்னல். கார் ஓட்டுபவர் தமக்குரியது என்று குழம்பிவிடக் கூடாதென்று அதை வெள்ளையாக வைத்தார்கள், ரயில் நூறு ஆண்டுக்கு முன் 'போ' என்பதிலிருந்து துரத்திவிட்ட அதே வெள்ளை. வெள்ளைக் கோடு படுக்கையாக எரிந்தால் டிராம் நிற்க வேண்டும்; செங்குத்தாக எரிந்தால் நேரே போகலாம்; சாய்ந்து எரிந்தால் அந்தப் பக்கம் திரும்பலாம்.